புள்ளி போடுபவர் யார்?

புதிதாகப் புனையப்பட்ட ஒரு பலகை ஆட்டம் நல்லதா, இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? புனைந்தவருக்கா, விற்பவருக்கா, விமர்சகருக்கா, ஆடியவர்களுக்கா? கடந்த சில பத்தாண்டுகளில் உலகெங்கும் இத்தகைய ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. ஆடியவர்கள் ஒவ்வொருவரும் பத்துக்கு இத்தனை புள்ளி என்று போடட்டும், அவற்றின் சராசரியை எடுத்து வரிசைப்படுத்துவோம் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட வழியாகிவிட்டது. கேட்பதற்கு இது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்தல்களையும் பரீட்சைகளையும் போட்டி முடிவுகளையும் பற்றிப் பத்திரிகைகளில் நெடுங்காலம் எழுதியவன் என்ற வகையில், இதை வெறும் விளையாட்டு விவகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை. பலர் போடும் புள்ளியை நேர்மையாகத் தொகுப்பது எப்படி என்ற கேள்விக்குத் தவறான விடை கூறியதன் விலையை நமது சமூகம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.

கிளிநொச்சி நகருக்கு மேற்கே உள்ள உருத்திரபுரத்திலிருந்து தொடங்கலாம். பழமையான சிவாலயமும், இரணைமடுக் குளத்து நீரை நம்பிய வயல்களும் கொண்ட விவசாயக் கிராமம் அது. கனகராயன் ஆற்றை மறித்துக் குளம் அமைக்கும் திட்டத்தை 1885ஆம் ஆண்டில் வரைந்தவர் ஹென்றி பாக்கர் என்ற ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர். 1902இல் தொடங்கிய வேலை 1920இல்தான் நிறைவெய்தியது. குளத்தை நினைப்பவர்கள் பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. இலங்கையின் பலகை ஆட்டங்களை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்களுள் ஒருவர் இதே பாக்கர்தான். பழைய இலங்கையைப் பற்றி 1909இல் அவர் வெளியிட்ட பெருநூலில், குளங்களையும் அணைக்கட்டுகளையும் ஆராய்ந்த அதே கவனத்துடன், பாறைகளில் வெட்டப்பட்டிருந்த ஆட்டக் கட்டங்களையும், சிறுத்தையும் மாடுகளும் மோதும் ஆட்டத்தையும், குழிகளில் விதையிட்டு ஆடும் ஆட்டத்தையும் விவரித்திருக்கிறார். பிற நாடுகளின் ஆட்டங்களோடு ஒப்பிட்டும் காட்டுகிறார்.

அவர் பதிவு செய்த ஆட்டங்களைப் புனைந்தவர்கள் யாரென்று தெரியாது. அவற்றுக்கு எவரும் புள்ளி போட்டதும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டதே அவை பெற்ற புள்ளி. நல்ல ஆட்டம் நிலைத்தது, நன்றாக இல்லாதது மறைந்தது. நாயும் புலியும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழகத்தில் அதன் உறவான ஆடுபுலி ஆட்டத்தில் பொதுவாக மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். இரு தரப்பும் சமமல்ல. ஆகவே ஒரு முறை புலியாக ஆடியவர் மறுமுறை ஆடாக ஆட வேண்டும். இரண்டு பக்கமும் இருந்து பார்த்த பிறகே ஆட்டத்தைப் பற்றி வாய்திறக்க முடியும். புள்ளி போடுவதற்கான முதல் விதி நம் திண்ணைகளில் இப்படி இருந்திருக்கிறது. ஆனால் இன்று புனையப்படும் ஆட்டத்துக்குத் தலைமுறைகள் காத்திருக்கும் அவகாசம் இல்லை. ஓரிரு ஆண்டுகளில் அது ஏற்கப்பட வேண்டும், இல்லையேல் மறக்கப்படும்.

இதற்கு ஜேர்மனியர் கண்ட வழி நடுவர் குழு. அந்நாட்டின் ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருதை விமர்சகர் குழுவே தீர்மானிக்கிறது. 1979இல் முதல் விருதைப் பெற்றது டேவிட் பார்லெட் என்ற ஆங்கிலேயர் புனைந்த முயலும் ஆமையும் ஆட்டம். இது தேர்ந்தவர்களின் தீர்ப்பு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட போர்ட்கேம்கீக் மறுவழியைப் பிடித்தது. அங்கே ஆடியவர் எவரும் ஒன்று முதல் பத்து வரை புள்ளி போடலாம். இது ஊரின் தீர்ப்பு.

ஊரின் தீர்ப்பை நம்பலாமா? 1907இல் பிரான்சிஸ் கால்ற்றன் இதை ஆராய்ந்தார். பிளிமத் நகரக் கண்காட்சி ஒன்றில், ஒரு மாட்டை அறுத்துத் துப்புரவாக்கிய பின் எத்தனை இறாத்தல் இருக்கும் என்று மக்கள் ஆறு பென்ஸ் கட்டி ஊகித்தனர். செல்லத்தக்க 787 சீட்டுகளைக் கால்ற்றன் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நின்ற சீட்டைப் பார்த்தார். அதில் இருந்தது 1207. உண்மை எடை 1198 இறாத்தல். கூட்டத்தின் அறிவுக்குச் சான்றாக இக்கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. அது பலித்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒருவர் ஊகத்தை மற்றவர் பார்க்கவில்லை. கைக்காசு கொடுத்ததால் எவரும் விளையாட்டுக்கு எழுதவில்லை. கால்ற்றன் முதலில் நாடியது சராசரியை அல்ல, நடு எண்ணை. சராசரியை ஒரே ஒரு விபரீத ஊகம் இழுத்துச் சென்றுவிடும். நடு எண் அவ்வளவு எளிதில் அசையாது.

பத்திரிகைகளில் வாசகர் வாக்குப் போட்டி நடத்தியவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். கட்டுக்கட்டாகப் பத்திரிகை வாங்கி, கூப்பன்களை வெட்டி, வீட்டார் எல்லாருடைய பெயரிலும் நிரப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஆட்டத்துக்குப் புள்ளி போடுவதிலும் இதுவே நடக்கும். புனைந்தவரின் நண்பர்கள் எட்டுப்பேர் பத்துக்குப் பத்துப் போட்டால் சராசரியில் அது முதலிடத்துக்கு வந்துவிடும்.

இதைத் தடுக்கக் கணிதம் ஒரு வழி கூறுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடுத்தரமான சில கற்பனை வாக்குகளை முன்கூட்டியே சேர்த்துவிடுவது. எட்டுப்பேர் சராசரியாக 9.5 போட்ட ஆட்டம் ஒன்று, 2000 பேர் சராசரியாக 7.2 போட்ட ஆட்டம் மற்றொன்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 5.5 புள்ளியில் 100 கற்பனை வாக்குகளைச் சேர்த்தால் முதலாவது 5.8 ஆக இறங்கும், இரண்டாவது 7.1இல் நிற்கும். நண்பர்களின் சூழ்ச்சி பலிக்காது. ஆனால் 100க்குப் பதிலாக 10 கற்பனை வாக்குகளைச் சேர்த்துப் பாருங்கள். முதலாவது 7.3, இரண்டாவது 7.2. வெற்றி தோல்வி தலைகீழாகிவிட்டது. ஆடியவர் ஒருவர்கூடத் தம் கருத்தை மாற்றவில்லை. மாறியது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணைத் தெரிவு செய்தவரே உண்மையான நடுவர்.

அந்த எட்டுப்பேர் சூழ்ச்சிக்காரர்களாக இல்லாமல், ஒரு சிறு மொழியைப் பேசும் நேர்மையான ஆட்டக்காரர்களாக இருந்தால்? தமிழில் விதி எழுதப்பட்டு, கிளிநொச்சியிலும் ரொறன்ரோவிலும் சில வீடுகளில் மட்டும் ஆடப்படும் நல்ல ஆட்டம் இம்முறையில் என்றும் நடுத்தரமாகவே தோன்றும். ஏமாற்றைத் தடுக்கும் வேலி சிறுபான்மையையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

இன்னொரு திருத்தம் இதைவிட நுட்பமானது. சிலர் தாராளமாகப் புள்ளி போடுவார்கள், சிலர் கஞ்சத்தனமாக. எனவே ஒவ்வொருவர் புள்ளியையும் பொதுச் சராசரிக்கு இழுத்துச் சமப்படுத்துவோம் என்பார்கள். ஈழத்தமிழ் வாசகருக்கு இச்சொல் எங்கோ சுடும். ஆம், இதுதான் தரப்படுத்தல்.

1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் பொறியியல் துறைக்கு 400க்கு, சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளியும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளியும் தகைமை எல்லையாக வைக்கப்பட்டன. தமிழ்ப் பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளி வழங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு பின்னணியில் பேசப்பட்டது. 1973இல் மொழிவாரியாகப் புள்ளிகளைப் பொது அளவுக்குக் கொண்டுவரும் தரப்படுத்தல் முறை புகுத்தப்பட்டது. 1974இல் சனத்தொகை அடிப்படையிலான மாவட்ட ஒதுக்கீடு அதனுடன் சேர்ந்தது. கணக்கில் பிழையில்லை. பிழை, கணக்குக்கு அடியில் கிடந்த எடுகோளில் இருந்தது. இரு குழுக்களின் சராசரி வேறுபட்டால் அது திருத்தியவரின் கைவண்ணமே, எழுதியவரின் திறமை அல்ல என்று முன்கூட்டியே முடிவு கட்டப்பட்டது.

மாவட்டக் கோடும் அப்படித்தான். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்குமுன் உருத்திரபுரம் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. காட்டை வெட்டிக் குடியேறியவரின் பிள்ளை, நூற்றாண்டு கண்ட யாழ்ப்பாணக் கல்லூரிகளின் மாணவரோடு ஒரே ஒதுக்கீட்டுக்குள் போட்டியிட நேர்ந்தது. பின்தங்கியவரைக் கைதூக்கிவிடுவதாகச் சொன்ன முறை, கோடு கீறப்பட்ட இடத்தினால் பின்தங்கிய ஒருவரையே விலக்கியது. 1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. அது விட்டுச்சென்ற கசப்பின் வரலாறு அனைவரும் அறிந்தது.

பலகை ஆட்டத்தையும் ஒரு தலைமுறையின் கல்வியையும் ஒரே தராசில் வைக்கிறேனா என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டின் கனமும் ஒன்றல்ல. ஆனால் தராசு ஒன்றுதான்.

நம்மிடம் நல்ல முன்மாதிரிகளும் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை வகுத்தபோது, யாரைத் தெரிவது என்பதைவிட யார் தகுதியற்றவர் என்பதையே அதிகம் பேசின. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். அண்மையில் பதவி வகித்தவருக்கு இடமில்லை. 919இல் செய்த ஏற்பாட்டை 921இல் திருத்தவும் அச்சபை தயங்கவில்லை. இரணைமடுவின் கீழ் சிறுபோகத்துக்கு நீர் போதாத ஆண்டில் எவ்வளவு காணி விதைப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். அது விதைப்புக்கு முன்னரே நடக்கிறது. வயல் பச்சையான பின் பங்கு பிரித்தால் சண்டைதான் மிஞ்சும்.

இவற்றிலிருந்து புதிய ஆட்டங்களுக்குப் புள்ளி போட விரும்பும் நம் இளைஞருக்குச் சில விதிகளைக் கூறலாம். எல்லாத் தரப்பிலும் இருந்து ஆடியவரே புள்ளி போடட்டும். புனைந்தவரும் அவர் உறவினரும் விற்பவரும் விலகி நிற்கட்டும். பிறர் போட்ட புள்ளியைத் தாம் போடும்வரை எவரும் பார்க்க வேண்டாம். சராசரியோடு நடு எண்ணையும், எத்தனை பேர் போட்டார்கள் என்பதையும் சேர்த்தே வெளியிடுங்கள். போதிய பேர் ஆடாத ஆட்டத்தை நடுத்தரம் என்று எழுதாதீர்கள். ‘இன்னும் மதிப்பிடப்படவில்லை’ என்று தனியாக வையுங்கள், அதை ஆடிப்பார்க்க ஆள் அனுப்புங்கள். ஒருவர் புள்ளியைத் திருத்துவதாயின், பலரும் ஆடிய அதே ஆட்டங்களுக்கு அவர் போட்டதை வைத்தே திருத்துங்கள். அவர் பேசும் மொழியையோ வாழும் ஊரையோ வைத்து அல்ல. விதிகளை முதல் வாக்குக்கு முன்னரே எழுதி எல்லாரும் காண ஒட்டுங்கள். ஆண்டுக்கொரு முறை அவற்றைத் திருத்தக் கூடுங்கள்.

இவ்வளவு செய்தும் தவறு நேரலாம். தோற்றவர் எழுந்து, எந்த எண்ணால் தோற்றேன், அதை யார் தெரிவு செய்தார் என்று கேட்டால் மறைக்காமல் விடை கூற முடிய வேண்டும். 1970களில் நமது பிள்ளைகள் கேட்டதும் அதுதான்.