ஓடுபவன் வழியும் தடுப்பவன் இடமும்



பந்தாட்டங்கள் பலவற்றினுள்ளே பழைய வழக்கொன்று தீராது கிடக்கின்றது. ஓடுகின்றவனுக்கு வழி வேண்டும். பந்தைத் தடுக்கின்றவனுக்கு இடம் வேண்டும். இருவரும் ஓரிடத்திற் சந்திப்பின் விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார்? சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் மட்டை பிடிக்கும் சிறுவர் முதல் உலக அரங்கில் ஆடும் வீரர் வரை, எவரும் இவ்வினாவுக்குத் தப்பியவரல்லர்.

நம் நாட்டு எல்லே ஆட்டத்தில், ஓடுபவன்மீது பந்தை எறிந்து அவனை ஆட்டமிழக்கச் செய்யலாம். பேஸ்போல் ஆட்டத்தின் பழைய வடிவங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. 1845ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து நிக்கர்பொக்கர் கழகத்தார் வகுத்த விதிகள் அதனை விலக்கின. அதன்பின், பந்தைக் கையிலேந்தி ஓடுபவனைத் தொடுதல் வேண்டும்; அன்றேல் அவன் சேருமுன் பந்து தளத்தைச் சேர்தல் வேண்டும். எறியுண்டு காயமுறும் அச்சம் நீங்கிற்று. ஆயின் தளத்தருகே உடலோடு உடல் மோதும் அச்சம் வளர்ந்தது.

தரையிற் சறுக்கித் தளத்தை அடைவது ஓடுபவனின் உரிமை. ஆனால், தான் ஆட்டமிழப்பது உறுதியென அறிந்தபின்னும், அடுத்த எறிதலைக் கெடுப்பதற்காகத் தடுப்பவனின் கால்மீது சறுக்குவதும் நெடுங்காலம் திறமையென்றே போற்றப்பட்டது. 2015 ஒக்டோபர் 10ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் அணியின் சேஸ் அட்லி அவ்வாறு சறுக்கியபோது, நியூயோர்க் மெற்ஸ் அணியின் ரூபன் தெஹாதாவின் கால் எலும்பு முறிந்தது. தெஹாதாவின் பாதம் தளத்தைத் தொடவில்லையெனக் கண்ட நடுவர்கள், அட்லி ஆட்டமிழக்கவில்லை என்றே முடிவு செய்தனர்! 2016இல் புதிய விதி பிறந்தது. தளத்துக்கு முன்னரே சறுக்கத் தொடங்க வேண்டும். தளத்தை அடையவும் அங்கே தங்கவும் முயல வேண்டும். மோதுவதற்காகப் பாதையை மாற்றலாகாது.

கிரிக்கெட்டோ வேறு வழி சென்றது. அது செயலோடு எண்ணத்தையும் விசாரிக்கின்றது. 1951இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து வீரர் லென் ஹட்டன், எழும்பிய பந்து விக்கட்டில் விழாதவாறு மட்டையை வீசினார். பிடியெடுக்க வந்த தென்னாபிரிக்க விக்கட் காப்பாளர் ரஸல் எண்டீனுக்கு அது தடையாயிற்று. களத்தடுப்புக்கு இடையூறு செய்ததற்காக டெஸ்ட் ஆட்டமொன்றில் ஆட்டமிழந்த முதல்வர் ஹட்டனே.

நம்மவர்க்கும் இவ்வழக்கு நேர்ந்ததுண்டு. 2021 மார்ச் 10ஆம் திகதி, அன்ரிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கெதிராக 55 ஓட்டங்களுடன் ஆடிய தனுஷ்க குணதிலக்க, ஓட்டத்தைக் கைவிட்டுப் பின்வாங்குகையில் பந்து அவர் காலிற்பட்டு நகர்ந்தது. பந்தை எடுக்க விரைந்த கீரன் பொலார்ட் முறையிட, குணதிலக்க ஆட்டமிழந்தார். வேண்டுமென்றே செய்தாரா, தற்செயலா என்ற வாதம் மைதானத்துக்கு வெளியே தொடர்ந்தது.

எண்ணத்தை எவர் அளக்க வல்லார்? கண்ணுக்குப் புலப்படும் செயல்களை விதி எண்ணிச் சொல்லுமாயின், நடுவரின் சுமை குறையும். வீரனும் தன் எல்லையை முன்னரே அறிவான். அவ்வகையில் 2016ஆம் ஆண்டின் விதி மேலானது. அதற்கு விலையாக ஓர் இளைஞனின் கால் முறிய நேர்ந்ததே நாம் மறக்கலாகாத செய்தி.