நிசும்பசூதனியும் திருவாலங்காட்டுச் செப்பேடும்

விசயாலய சோழன் தஞ்சையைக் கைப்பற்றி அங்கு நிசும்பசூதனியை எழுந்தருளுவித்தான் என்னும் செய்தி சோழர் வரலாற்று நூல்களில் ஐயமின்றிச் சொல்லப்படுகிறது. இதற்கு ஆதாரம் முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள். 31 ஏடுகள் கொண்ட இத்தொகுதி, திருவாலங்காட்டு இறைவர்க்குப் பழையனூரைக் கொடையளித்ததை அவனது 6ஆம் ஆட்சியாண்டில் வைத்துப் பதிகிறது. ஆயினும் தேவியைக் குறிப்பிடும் வடமொழிப் பகுதி கடார வெற்றியையும் பாடுவதால், கொடைக்குப் பிற்பட்டதாதல் வேண்டும். விசயாலயனோ 9ஆம் நூற்றாண்டினன். எனவே இக்கூற்றை நிகழ்காலப் பதிவாகக் கொள்ளாமல், பேரரசின் உச்சத்தில் அரசவை தன் தொடக்கத்தை நினைவுகூர்ந்த முறையாகக் கொள்வதே பொருத்தம்.

கொடை பெற்ற தலமும் கருதத்தக்கது. திருவாலங்காடு, காளி இறைவனோடு ஆடித் தோற்றதாகத் தலமரபு கூறும் ஊர். அவ்வூர்க்குரிய ஆவணத்திலேயே குலமுதல்வனுக்கு அரசருளிய தெய்வமாகத் தேவி போற்றப்படுகிறாள். சைவச் சார்பு மிக்க அரசவையும் இந்நினைவை விலக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

செப்பேடு தஞ்சை என்பதற்கு மேல் கோயிலின் இடத்தைச் சுட்டவில்லை. இன்று கீழவாசலில் இராகுகால காளி என மக்கள் வழங்கும் வடபத்ரகாளியே நிசும்பசூதனி என்பர். உக்கிரகாளியைச் சுட்டுவோரும் உளர். செப்பேட்டுப் பெயரை முன்வைத்துச் சிற்பத்தைக் காண்பது முடிவை முன்னரே எடுத்துக்கொள்வதாகும். படிமத்தின் காலத்தை அதன் அமைதி கொண்டு தனியே கணித்த பின்னரே செப்பேட்டோடு ஒப்பிடல் முறை.