திண்ணையும் தக்ளியும்

சாயங்காலம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது, திண்ணைப் பள்ளி வாத்தியார் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி அனுப்புவார். ஒருவனுக்குப் பூவின் பெயர், ஒருவனுக்கு ஊரின் பெயர், இன்னொருவனுக்குப் பறவையின் பெயர். விளையாடி, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் விடியற்காலையில் வந்து அதை மறக்காமல் சொல்ல வேண்டும். 1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் அந்தக் காலத்துப் பள்ளிகளைப் பற்றி எழுதியதில் இந்தப் பழக்கமும் வருகிறது.

திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர் ஒன்றியத்துப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு என் உத்தியோக காலத்தைக் கழித்தவள் நான். பெற்றோர் என்னிடம் அதிகம் சொன்ன குறை மதிப்பெண்ணைப் பற்றியது அல்ல. “டீச்சர், இவனுக்குப் புத்தி இருக்கு. ஆனா எடுத்த வேலைய முடிக்க மாட்டேங்கிறான்” என்பதுதான். எடுத்ததை முடிக்க மூன்று வேண்டும்: திண்ணைப் பிள்ளை பெயரை வைத்திருந்ததுபோல் சொன்னதை மனதில் நிறுத்துவது, கை பரபரத்தாலும் பொறுப்பது, ஒரு வழி சரிப்படாவிட்டால் மறுவழிக்குத் திரும்புவது. இந்த மூன்றையும் இன்றைய மனநூல் அறிஞர்கள் ஒரே குடும்பமாகப் பார்க்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி முதிர முதிர இவை வளரும். அந்த முதிர்ச்சி இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. ஆகவே பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து “பொறுப்பே இல்லை” என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

இந்தத் திறன்களை வளர்க்க நம் பக்கத்துப் பள்ளிகள் என்ன செய்தன என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

திண்டுக்கல் சீமை 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. முப்பது வருஷம் கழித்து, கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று தொகை இருக்கிறது. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். கணக்கு முழுக்க வாயில்தான். “மாவில் கால்?” என்று கேட்டால் “காணி” என்று பதில் வர வேண்டும். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி. காணியில் பாதி அரைக்காணி, அதில் பாதி முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒன்று. தாளும் பலகையும் இல்லாமல் ஒரு சிறுவன் இதை மனதுக்குள்ளேயே வகுத்து வைத்திருந்தான். மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களை நடத்துவான். சென்னை அனாதைப் பள்ளியில் 1789 முதல் 1796 வரை இருந்த ஆண்ட்ரூ பெல், இப்படி மாணவரை வைத்தே மாணவருக்குச் சொல்லித்தரும் வழியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்குச் சென்னை முறை என்றே பெயர்.

ஆனால் திண்ணையைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அங்கே பிள்ளையை அடக்கியது பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும். அந்தத் திண்ணையில் ஏறவே முடியாத பிள்ளைகள் ஊருக்கு வெளியே இருந்தார்கள். பெண்பிள்ளைகள் வெகு சொற்பம். பயத்தில் அடங்குகிற பிள்ளை, பிரம்பு நகர்ந்ததும் பழையபடிதான்.

பிரம்பில்லாத வழி எங்கள் மண்ணுக்கு 1947-இல் வந்தது. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்விதான் அங்கே வேர். ஏழு முதல் பதினான்கு வயது வரை, கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும்.

என் பெரியம்மா அப்படி ஓர் ஆதாரப் பள்ளியில் படித்தவர். தக்ளி என்னும் கைக்கதிரில் நூற்பதை எனக்குச் செய்து காட்டியிருக்கிறார். வலக்கை விரல்கள் தக்ளியைச் சுண்டிவிடும். இடக்கை பஞ்சை மெல்ல மேலே இழுக்கும். அவசரப்பட்டு இழுத்தால் இழை அறும், தயங்கினால் முறுக்கேறிச் சுருண்டுகொள்ளும். எட்டு வயதுக் கைக்கு இதைவிட நல்ல நிதானப் பயிற்சி நான் பார்த்ததில்லை. அடிக்க ஆள் தேவையில்லை, நூலே சொல்லிவிடும். நூற்றதை அளந்து, சிட்டமாகச் சுற்றி, எவ்வளவு பஞ்சு வாங்கினோம், எவ்வளவு வீணானது என்று அன்றே நோட்டில் எழுத வேண்டும். பிள்ளைகளே பள்ளி மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரியம்மா ஒரு முறை சுகாதார மந்திரி. நாளைக்கு யார் கூட்டுவது, யார் தண்ணீர் எடுப்பது என்று இன்றைக்கே யோசித்து வைக்கிற வேலை அது.

இந்த வழி ஏன் நிலைக்கவில்லை? 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டம் ஒரு பெரிய காரணம் என்பேன். மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது அது. குலக்கல்வி என்று தமிழ்நாடே கொதித்தது, கொதித்தது நியாயமே. 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். ஆனால் அந்தக் கோபத்தில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே தக்ளியைச் சுற்றிய பள்ளியின் மீதும் சந்தேகம் விழுந்தது. இரண்டும் ஒன்றல்ல. வேலைக்கு மதிப்பெண் கேட்ட பரீட்சை முறையும் சேர்ந்துகொள்ள, தக்ளி பரணுக்குப் போனது.

இன்று வகுப்பில் திட்டமிடுகிற வேலை முழுக்க டீச்சருடையது. எப்போது எதைச் செய்வது என்று பிள்ளை ஒரு நாளும் தானாக முடிவு செய்வதில்லை. பிறகு அவனுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று குறைப்படுகிறோம்.

ஆதாரப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. சின்னாளபட்டி, அம்பாத்துரை, ஆத்தூர் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது அந்த நூல் கணக்கு நோட்டை வைத்திருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள்.