படிவு இடைவெளிகளும் புவியியல் வீதக் கணிப்பும்

வண்டலும் கடலடிச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப் பாறைகளில், படிவு நின்றிருந்த காலமும், படிந்தது அரிக்கப்பட்ட காலமும் பாறையாக எஞ்சுவதில்லை. இவ்வாறு விடுபட்ட காலமே படிவு இடைவெளி எனப்படுகிறது. பாறையின் தடிமனை அது படிய எடுத்துக்கொண்ட காலத்தால் வகுத்துப் பெறுவது படிவு வீதம் என்பதால், வகுக்கும் காலத்தில் இடைவெளிகள் எவ்வளவு அடங்கியுள்ளன என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

1788-இல் ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில், செங்குத்தாக நிமிர்ந்த சாம்பல் நிறப் பாறை அடுக்குகள்மீது சற்றே சாய்ந்த செம்மணற்கல் அமர்ந்திருப்பதைக் கண்ட ஜேம்ஸ் ஹட்டன், கீழ்ப்பாறை மடிந்து, உயர்ந்து, தேய்ந்த பின்னரே மேற்பாறை படிந்திருக்க வேண்டும் என்று உணர்ந்தார். அந்தச் சந்திப்பில் 6 கோடி ஆண்டுகளுக்கும் மேலான காலம் விடுபட்டுள்ளதாக இன்று அறியப்படுகிறது. ஆயினும் 1860-இல் ஜான் பிலிப்ஸ், பாறைகளின் மொத்தத் தடிமனையும் கங்கை வடிநிலத்தின் அரிப்பு வீதத்தையும் கொண்டு, அப்பாறைகள் படிய ஏறத்தாழ 9.6 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணித்தார். கதிரியக்க முறையில் பெற்ற வயதுகள் இதைவிடப் பல மடங்கு பெரியவையாக இருந்ததைச் சுட்டிய ஜோசப் பாரெல், தொடர்ச்சியாகத் தோன்றும் அடுக்குகளுக்கிடையிலும் எண்ணற்ற சிறு இடைவெளிகள் மறைந்துள்ளன என 1917-இல் விளக்கி, அவற்றுக்கு டயாஸ்டெம் என்று பெயரிட்டார்.

சுமார் 25,000 படிவு வீதங்களைத் திரட்டி ஆராய்ந்த பீட்டர் சாட்லர், அளக்கும் கால அளவு நீள நீள வீதம் ஒழுங்காகக் குறைந்துகொண்டே போவதை 1981-இல் நிறுவினார். இது சாட்லர் விளைவு எனப்படுகிறது. ஒரு கோடி ஆண்டுகளில் 100 மீட்டர் பாறை உருவானால் வீதம் ஆண்டுக்கு 0.01 மில்லிமீட்டர், ஆனால் ஒரே வெள்ளம் 10 சென்டிமீட்டர் வண்டலை இறக்கிவிட்டுப் போகும் இடத்தில், அத்தகைய ஆயிரம் வெள்ளங்களே அந்த 100 மீட்டருக்குப் போதும். எஞ்சிய காலம் முழுவதும் இடைவெளிகளுக்குள் கிடக்கிறது.

ஆகவே அண்மைக் காலத்தின் குறுகிய அளவீட்டைத் தொன்மைக் காலத்தின் நீண்ட அளவீட்டோடு ஒப்பிட்டால், நிகழ்வுகள் விரைவடைந்ததுபோன்ற பொய்த்தோற்றம் எழுகிறது. கடந்த 20 முதல் 40 லட்சம் ஆண்டுகளில் உலகெங்கும் அரிப்பு மிகுந்தது என்று படிவுத் தடிமன்களைக் கொண்டு 2001-இல் முன்வைக்கப்பட்ட கருத்தை, கடற்படிவுகளிலுள்ள பெரிலியம் ஓரிடத்தான்களின் விகிதம் ஏறத்தாழ மாறாதிருந்ததைக் காட்டி 2010-இல் வெளியான ஆய்வு மறுத்தது. கால அளவைக் குறிப்பிடாத வீதம் பொருளற்றது என்பதும், சமமான கால அளவுகளில் பெற்ற வீதங்களையே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும் என்பதும் இந்த நெடிய ஆய்வு மரபு வகுத்துத் தந்த விதிகளாகும்.