கத்தரிக்காய்ச் சிமிழ்

உள்ளங்கையில் அடங்கிவிடும். பழுப்பு நிறம், உருண்டு திரண்ட வயிறு, குறுகிய கழுத்து. இந்த வடிவத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'நாசு', அதாவது கத்தரிக்காய். தேயிலைப் பொடி வைக்கும் சீனத்து மண்சிமிழ், அவ்வளவுதான். இதைத் தேநீர்க் குரு முராதா ஜுகோ 99 கான் கொடுத்து வாங்கினாராம். இதன் 'சுகுமோ நாசு' என்ற பெயரே அந்தத் தொண்ணூற்றொன்பதால் வந்தது என்றொரு கதை உண்டு. ஒரு கான் என்றால் கயிற்றில் கோத்த ஆயிரம் செப்புக்காசு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1467இல் ஓனின் போர் மூண்டு கியோட்டோ எரிந்தது. பிறகு நூறாண்டுக்கு மேல் ஊருக்கொரு கோட்டை, கோட்டைக்கொரு பிரபு. சிமிழ் கைமாறிக் கைமாறி அப்படியொரு பிரபுவான மட்சுனாகா ஹிசாஹிதேயிடம் வந்தது. 1568இல் இன்னொரு பிரபு ஓடா நோபுனாகா படையோடு கியோட்டோவுக்குள் நுழைந்ததும், ஹிசாஹிதே இதைக் கொண்டுபோய்க் காணிக்கையாக வைத்தார். தலை தப்பியது, யமாதோ சீமையும் கையில் தங்கியது.

நோபுனாகா காலத்தில் தேநீர்ப் பாத்திரத்துக்கு இருந்த மவுசே தனி. தளபதி தகிகாவா கசுமாசுவுக்கு 1582இல் கோசுகே சீமையையே பரிசாகக் கொடுத்தார்கள். மனிதர் அதில் மகிழவில்லை. தான் ஆசைப்பட்டது வேறொரு கத்தரிக்காய்ச் சிமிழ் என்று குறைப்பட்டுக்கொண்டார். சீமையை வெட்டிக் கொடுத்தால் தீர்ந்துபோகும். மண்சிமிழுக்கு மதிப்பை ஏற்றிவிட்டால் கஜானாவில் கைவைக்காமலே பரிசளிக்கலாம். நோபுனாகா கெட்டிக்காரர்தான்.

அதே ஆண்டு ஹொன்னோஜி கோயிலில் தன் தளபதி அகெச்சி மிட்சுஹிதேயின் துரோகத்தில் அவர் மாண்டார். சிமிழ் எப்படியோ பிழைத்து அவருடைய இன்னொரு தளபதி ஹிதேயோஷியிடம் போனது. 1590இல் நாட்டை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தவர் அவர். மகன் ஹிதேயோரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1615இல் தொகுகாவா படை முன் ஒசாகா கோட்டை விழுந்தது. அவரும் மாண்டார், சிமிழும் நொறுங்கியது.

வென்ற தொகுகாவா இயேயாசு, சாம்பலைக் கிளறித் துண்டுகளைத் தேடச் சொன்னார். தேடியவர்கள் ஃபுஜிஷிகே தோகென், அவர் மகன் தோகான், அரக்கு வேலைக்காரர்கள். கிடைத்த சில்லுகளை உருஷி மரத்துப் பிசினால் ஒட்டினார்கள். வேலையைப் பார்த்து அசந்துபோன இயேயாசு சிமிழை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். இத்தனை பிரபுக்கள் வைத்திருந்த பண்டம், கடைசியில் கைவினைஞர் வீட்டில்!

1876இல் மிட்சுபிஷி குடும்பத்து இவாசாகி யானோசுகே இதை வாங்கினார். இன்று டோக்கியோவில் செய்கதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தபோதுதான் உள்ளே சில்லுசில்லாக ஓடும் விரிசல்கள் தெரிந்தன. மேலே வழிந்து உறைந்தாற்போல் மினுங்குவது சூளையில் உருகிய மெருகு என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்கள். அது அப்பனும் மகனும் பூசிய அரக்கு.