வயல்ல ஈரம் இருக்கு, ஆனா பயிர் வாடுது... புதுக்கோட்டை கடலோரத்தில் என்ன நடக்கிறது?

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என நீளும் புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில், நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். அந்த உப்புத் தண்ணியைப் பாய்ச்சினால் மண் ஈரமா இருக்கும், பயிர் மட்டும் வாடும். நோய்னு நினைச்சு மருந்து அடிச்சா காசுதான் வீண். காரணம், சவ்வூடு பரவல்.

அப்படின்னா என்ன?

செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு தண்ணீரை எளிதில் விடும், உப்பை அவ்வளவு எளிதில் விடாது. உப்பு, சர்க்கரை குறைவாக உள்ள பக்கத்திலிருந்து அதிகமாக உள்ள பக்கத்துக்குத் தண்ணீர் போகும்.

நல்ல தண்ணியில் வேர் செல்லுக்குள் தண்ணீர் புகுந்து, செல் விறைத்து நிற்கும். வாடிய கீரையில் தண்ணி தெளித்தால் நிமிர்வது இதனால்தான். கெட்டியான செல்சுவர் இருப்பதால் வெடிக்காது. சுவர் இல்லாத ரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணியில் போட்டால் வெடித்துவிடும். உள்ளேயும் வெளியேயும் அடர்வு சமமாக இருந்தால் செல் தளர்ந்துவிடும்.

வெளியே உப்பு அதிகமானால்?

மாவடு ஜாடியைப் பாருங்க. உப்பு போட்ட சில நாளில் மாவடு சுருங்கி, ஜாடியில் தண்ணி விட்டிருக்கும். செல்லில் இருந்து வெளியேறிய தண்ணிதான் அது. அப்போது சவ்வு சுவரை விட்டு விலகிச் சுருங்குவதற்குப் பெயர் பிளாஸ்மா சிதைவு. யூரியாவை வேரடியில் கொட்டினால் செடி கருகுவதும் இதே கதைதான்.

வயலில் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. வேர் தண்ணி எடுக்கத் திணறும், வளர்ச்சி நிற்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதன் மின்கடத்துதிறன் சுமார் 50 டெசிசீமன்ஸ். மண்ணில் அது 3-ஐத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும்.

என்ன செய்யலாம்?

வெயிலில் தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் மண்ணைக் காய விடாமல் பாய்ச்சுவது நல்லது. மழைநீரைத் தேக்கி வடித்தால் உப்பு கரைந்து இறங்கும், வடிகால் இருக்கணும். பலரும் ஜிப்சம் போடுறாங்க. அது களர் மண்ணுக்கான மருந்து, வெறும் உவர் மண்ணுக்கு உதவாது. எது உங்க மண் என்பது மண், நீர் பரிசோதனையில் தெரிந்துவிடும். வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேட்கலாம்.