கல்லறை காணாத தோழர்களும் சுந்தரர் திருப்பதிகமும்

பிரிவால் வாடும் நெஞ்சுக்குத் திருமுறை ஓர் அருமருந்து. நீத்தார் இல்லத்தில் தேவாரமும் சிவபுராணமும் ஓதும் வழக்கத்தைக் கடல் கடந்து வந்த நம் முன்னோர் கைவிடவில்லை. ஆயினும், ஈமக்கடனும் ஓதுவாரும் இன்றி அயல்மண்ணில் மறைந்தவர்க்கு யார் பாடுவது? நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு இக்கேள்வி புதியதன்று.

சப்பானியர் ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் அரிசியும் அருகின. அந்நிலையில் நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர், ஆசைமொழியாலும் வற்புறுத்தலாலும் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பர்மா வரையில் 415 கிலோமீட்டர் நீளும் மரண ரயில்பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. அதற்குள் பட்டினியும் மலேரியாவும் வாந்திபேதியும் எண்ணற்றோரைப் பலி கொண்டன. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர்க்குக் கல்லறைகள் வரிசையாக உள்ளன. நம் தொழிலாளர்க்கோ அத்தகைய கல்லறைகள் இல்லை. 2023இல் அந்நகரில் தமிழர்க்கென ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. எனினும் மறைந்தோர் அனைவரையும் குறிக்கும் முழுமையான பெயர்ப்பட்டியல் இன்றுவரை இல்லை.

இவ்விடத்தே நமக்கு ஆறுதலாக நிற்பது, சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூரில் அருளிய திருத்தொண்டத்தொகை. ஏழாம் திருமுறையைச் சேர்ந்த இப்பதிகம் அடியார்களின் பெயர்களையே பாட்டாகத் தொடுத்தது. தனியடியார்களைப் போற்றியதோடு அது அமையவில்லை. பெயர் அறியப்படாத ஒன்பது வகைத் தொகையடியார்களையும் வணங்குகிறது. அவர்களுள் ஒரு வகையினர், தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பாலும், நாயன்மார் காலத்துக்கு முன்னும் பின்னும், இறைவன் திருவடி சேர்ந்தோர் எனச் சேக்கிழார் பெருமான் விளக்குகிறார். சயாமின் காடுகளில் உயிர்நீத்த நம் தோழர்களையும் அவ்வரிசையில் வைத்து நினைக்க நமக்கு உரிமை உண்டு.

சுந்தரர் நட்பின் பெருமையை வாழ்ந்து காட்டியவர். அவர் வெள்ளை யானை மீது கயிலை சென்றபோது, பிரிவாற்றாத நண்பர் சேரமான் பெருமாள் குதிரையேறி உடன் சென்றார் என்பது பெரியபுராணம். இருவர் குருபூசையும் ஆடிச் சுவாதி ஒரே நாளில் அமைந்துள்ளது.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. உடன் உழைத்தோரை நேரில் அறிந்த முதியோரும் அருகி வருகின்றனர். ஆதலின் அன்பர்களே, உங்கள் குடும்பத்திலிருந்து சயாம் சென்று திரும்பாதோர் பெயர்களை மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வரும் ஆடிச் சுவாதியன்று அப்பெயர்களைத் திருமுன் வாசித்து, திருத்தொண்டத்தொகையை ஒருமித்துப் பாடுவோம். பெயர் தெரியாதோர்க்கும் அப்பதிகத்தில் இடமுண்டு.

திருச்சிற்றம்பலம்.